அலுமாரிக்குள் மாயாவி, கொப்பியின் பின்பக்கத்தில் லூஃபி



ஊரவர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போகலாம், கோபமில்லை. "நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்காக அல்ல. ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளைக்குப் பிளேன்ரீ குடிக்கிற நாலைந்து பேர் ஒரு மாதமாகக் கதைத்துக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்த விஷயம் இது. தட்டச்சு செய்வது மட்டும்தான் ஒருவருடைய வேலை.

விஷயம் கொமிக்ஸ். சிரிக்க வேண்டாம்.

அண்மையில் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றியது. மேசையில் விசிறி போல விரித்து வைத்த பழைய முத்து கொமிக்ஸ், லயன் கொமிக்ஸ், ராணி கொமிக்ஸ். ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள். கீழே ஒரு வரி: "இதுதான் எங்கட காலம். இப்பத்தைய பிள்ளைகளுக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரியுமா?" அதற்கு விழுந்த இதயக் குறிகளை எண்ணி முடியாது.

அதே நாட்களில் நம் பகுதிப் பாடசாலை ஒன்றில் தரம் 8 மாணவன் ஒருவனின் விஞ்ஞானக் கொப்பி வகுப்புக்கு முன்னால் கிழிக்கப்பட்டது. கொப்பியின் பின்பக்கங்களில் அவன் லூஃபியை வரைந்திருந்தான். தெரியாதவர்களுக்குச் சொன்னால், 'வன் பீஸ்' என்ற ஜப்பானியக் கொமிக்ஸின் கதாநாயகன், வைக்கோல் தொப்பிப் பையன். சும்மா கிறுக்கல் இல்லை. கட்டம் பிரித்து, பேச்சுக் குமிழி போட்டு, தமிழில் வசனம் எழுதி, பதினொரு பக்கம். வாப்பாவைக் கூப்பிட்டு "பிள்ளை கெட்டுப்போகிறான்" என்று சொல்லியும் அனுப்பினார்களாம். எந்தப் பாடசாலை, எந்த ஆசிரியர் என்று தனியாக வந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். ஒருவரின் குற்றம் என்றால் நேரில் பேசி முடித்திருப்போம். இது ஊர் முழுக்க இருக்கிற நினைப்பு.

மேசைப் படத்துக்கு இதயம் போட்டவர்களில் எத்தனை பேர் கொப்பி கிழிந்த கதையைக் கேட்டு "நல்ல வேலை" என்றார்கள் தெரியுமா? எங்கள் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் "எங்கட காலம்" என்கிற அந்தக் காலத்தைப் பார்ப்போம்.

சிவகாசியில் இருந்து முத்து கொமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் வந்தது. இரும்புக்கை மாயாவி. இலங்கையில் அது எந்தக் காலம்? தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இந்தியப் புத்தகம் என்பது யாராவது போய்வரும்போது பெட்டிக்குள் சாரனுக்கும் சாரிக்கும் இடையில் வைத்துக் கொண்டுவருவது. மூத்த நானாமாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஊருக்கு ஒரு புத்தகம் வந்தால் அது ஊருக்கே வந்த புத்தகம். சொந்தக்காரன் யாரென்று கடைசியில் அவனுக்கே மறந்துவிடும்.

1984இல் லயன் கொமிக்ஸும் ராணி கொமிக்ஸும் தொடங்கின. கடைகளில் தொங்கத் தொடங்கிய பிறகும் எல்லாரிடமும் சல்லி இருக்கவில்லை. பெருநாள் காசில் ஒன்று வாங்குவான் ஒருவன். அவனுடைய வீட்டுத் திண்ணையில் நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு வாசிப்பார்கள். பக்கம் புரட்டுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. மெதுவாக வாசிக்கிறவன் "சரி" என்று சொல்லும் வரை புரட்டக் கூடாது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு பிள்ளை அந்த நாலு பேருக்குள் இருந்தால் மற்ற மூவரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். எத்தனை பேர் அப்படித் தமிழ் வாசிக்கப் பழகினார்கள் என்று எந்தப் புள்ளிவிபரமும் இல்லை. எங்கள் ஓய்வறையில் மட்டும் இரண்டு பேர் இருக்கிறோம்.

சலூனில் முடி வெட்டுகிறவர் ஒரு கட்டு வைத்திருப்பார். வரிசையில் முன்னுக்கு வந்தாலும் "நீங்க முதல்ல வெட்டுங்க நானா" என்று விட்டுக்கொடுப்பார்கள் பையன்கள், மரியாதையால் அல்ல. முன்னட்டை போயிருக்கும். பல நேரம் கடைசிப் பக்கமும் போயிருக்கும். முடிவை யாராவது வாயால் சொல்வார்கள், அவரும் இன்னொருவர் வாயால் கேட்டது. அதனால் ஒரே கதைக்கு வடக்குத் தெருவில் ஒரு முடிவு, தெற்குத் தெருவில் இன்னொரு முடிவு.

சண்டையும் உண்டு. ராணி கொமிக்ஸ்காரர்களுக்கு மாயாவி என்றால் முகமூடி போட்டுக் காட்டில் குதிரை ஓட்டுகிறவர். முத்து கொமிக்ஸ்காரர்களுக்கு மாயாவி என்றால் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிறவர். யார் உண்மையான மாயாவி என்று பள்ளி மதிலில் இருந்து அடிபட்டவர்கள் இன்று பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறார்கள். (பெயர் சொல்லவில்லை நானா, பயப்பட வேண்டாம்.)

யுத்த காலத்தில் ஊரடங்கு போட்டால் வெளியே போக முடியாது, கரண்டும் இல்லை. குப்பி விளக்கில் பழைய புத்தகங்களையே திரும்பத் திரும்ப வாசித்தோம். 2004 டிசம்பர் 26 கரையோர வீடுகளில் இருந்த பெட்டிகளையும் கொண்டுபோனது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப் போவதில்லை. உயிர்கள் போன இடத்தில் புத்தகத்தைப் பேசுவது முறையல்ல.

இவ்வளவையும் சொல்வது ஒரு விஷயத்துக்காக. அந்தக் காலத்தில் கொமிக்ஸ் ரசிகன் என்றால் புத்தகம் வைத்திருப்பவன் அல்ல, கைமாற்றுகிறவன். அவனுடைய மதிப்பு அவனிடம் எத்தனை இருக்கிறது என்பதில் இல்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தான், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தானா என்பதில் இருந்தது.

இன்று மேசையில் விரித்துப் படம் எடுக்கிறவர்கள் யார்? அதே நானாமார்தான். வெளிநாட்டில் உழைத்தார்கள், நாலு சல்லி வந்தது, அல்ஹம்துலில்லாஹ். சின்ன வயதில் கைக்கு எட்டாததைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதில் பிழையில்லை. ஆனால் வாங்கியதை என்ன செய்தார்கள்? பொலித்தீனில் போட்டார்கள். அலுமாரியில் வைத்தார்கள். பூட்டினார்கள். இப்போது ஒரு பழைய இதழுக்கு ஆயிரக்கணக்கில் விலை பேசுகிறார்கள். "பிரிக்காத பிரதி" என்று ஒரு பெருமை வேறு. வாசிக்காத புத்தகம் என்பதற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளை தொட்டால்கூட "கை கழுவிட்டு வா" என்று ஏசுகிற ரசிகர்களை எங்களுக்குத் தெரியும். அந்த ஒரே வாயால்தான் "இப்பத்தைய பிள்ளைகள் வாசிப்பதில்லை" என்கிறார்கள்.

எதை வாசிப்பது? எங்கே இருக்கிறது?

விலையைப் பாருங்கள். 2012 ஜனவரியில் லயன் ஒரு பெரிய மறுவரவு இதழோடு திரும்பி வந்தது. அதன் பிறகு வண்ணம், நல்ல தாள், கெட்டி அட்டை. பார்க்க மிக அழகு. விலையும் அதற்கேற்ப. 2021இல் ஓர் இந்திய ரூபா நம் ரூபாவில் 3க்கும் குறைவு. 2022 நடுப்பகுதியில் அது 4.50ஐத் தாண்டியது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம் அது, நினைவிருக்கும். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் தபால் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கொமிக்ஸின் விலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் மீன் வாங்கலாம். ராணி கொமிக்ஸ் 500 இதழோடு 2005இலேயே நின்றுவிட்டது. ஏழைப் பிள்ளையின் புத்தகமாக இருந்தது இன்று வசதியுள்ள வாப்பாமாரின் சேகரிப்பு. இதில் பிள்ளையின் குற்றம் எங்கே இருக்கிறது?

இனி அடுத்த தலைமுறைக்கு வருவோம். மார்வெல் படம் பார்த்துவிட்டு ஸ்பைடர்மேன் டீசேர்ட் போடுகிறவர்களை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அது கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், அவ்வளவுதான். நாங்கள் சொல்வது வாசிக்கிற பிள்ளைகளை. இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர்.

இவர்கள் வாசிப்பது மங்கா, ஜப்பானியக் கொமிக்ஸ். 'வன் பீஸ்' 1997இல் தொடங்கியது, நூறு தொகுதிகளைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது. எய்ச்சிரோ ஓடா என்ற ஒரே மனிதர் எழுதி வரைகிறார். வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் புத்தகத்தில் ஒரு தனிப் பக்கமே போடுவார்களாம். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிற நம் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முதல் நாளே சரியான பக்கத்தில் இருந்து தொடங்கிவிடுகிறான்.

வெளியீட்டாளர்களே 2019இல் 'மங்கா பிளஸ்' என்று ஒரு செயலி தொடங்கி, புதிய அத்தியாயங்களை ஜப்பானில் வெளியாகும்போதே ஆங்கிலத்தில் இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் அதில் வாசிக்கிறார்கள். வேறு சிலர் திருட்டுத் தளங்களில் வாசிக்கிறார்கள். அது சரியில்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறோம், சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். எது எப்படியோ, ஆங்கில பாடத்தில் நாற்பது தாண்டாத பிள்ளை மூன்று வருடமாக ஆங்கிலத்தில் கதை வாசிக்கிறான். அகராதி பார்க்கிறான். தனக்கு விளங்கியதை இடைவேளையில் நாலு பேருக்குத் தமிழில் சொல்கிறான். திண்ணையில் நாலு பேர் தலையை முட்டிக்கொண்டது ஞாபகம் வருகிறதா? நானாமார் பூட்டி வைத்த அந்தப் பழக்கத்தை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பையன்கள் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. முந்தைய தலைமுறைக்கு வரைந்தவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இரும்புக்கை மாயாவி 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரித்தானிய வார இதழில் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் என்பதை நாங்கள் அறிந்தது தலை நரைத்த பிறகு. இன்றைய பிள்ளை ஓவியரின் பெயர், அவரிடம் உதவியாளராக இருந்தவர் பெயர், எந்தக் கட்டத்தை எந்தப் பேனாவால் வரைந்தார் என்பது வரை சொல்கிறான். கேட்டுவிட்டு அவனும் அப்படி ஒரு பேனா தேடுகிறான். அவனுடைய கொப்பியைத்தான் கிழித்தார்கள்.

கேள்வியும் கேட்கிறார்கள். முகமூடி மாயாவியின் பழைய இதழ் ஒன்றைத் தரம் 9 வகுப்பில் கொடுத்தோம். லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய பாத்திரம். வாசித்துவிட்டு ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஆபிரிக்கக் காட்டில அத்தனை பேர் இருக்கேக்க ஏன் நானூறு வருஷமா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்தான் அவங்களக் காப்பாத்துது?" திண்ணைத் தலைமுறையில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதாக எங்களுக்குத் தெரியாது. வாசிக்கத் தெரியாத தலைமுறை என்றா இதைச் சொல்கிறீர்கள்?

"அதெல்லாம் சரி, நாங்கள் வாசித்தது சுத்தமானது, இவர்கள் வாசிப்பது அசிங்கம்" என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல். லயன் கொமிக்ஸின் முதல் இதழ் யாருடைய கதை? மாடஸ்டி பிளைசி. 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகையில் பெரியவர்களுக்காகத் தொடங்கிய தொடர். ராணி கொமிக்ஸில் வருடக்கணக்காக வந்த ஜேம்ஸ் பாண்ட் யாருக்காக எழுதப்பட்டது? அந்தப் படங்களை உம்மா வரும்போது எந்தப் பக்கத்துக்குப் புரட்டி மறைத்தீர்கள் என்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். மங்காவிலும் பிள்ளைகளுக்கு ஆகாதது நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து எது வாசிக்கலாம் என்று சொல்ல வேண்டும் என்கிறோம். சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெரியவரும் வாசித்திருக்க வேண்டும்.

உண்மையில் "கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும்" என்ற பேச்சு நம் ஊரில் பிறந்ததும் அல்ல. 1954இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் குற்றவாளிகளாவதற்குக் கொமிக்ஸ் ஒரு காரணம் என்று ஒரு புத்தகம் எழுதினார். செனற் சபையில் விசாரணை நடந்தது. சில ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டே கொமிக்ஸைக் குவித்து எரிக்க வைத்தார்கள். பதிப்பகங்கள் பயந்துபோய்த் தாங்களே ஒரு தணிக்கைச் சட்டம் போட்டுக்கொண்டன, பல நிறுவனங்கள் மூடப்பட்டன. அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய குறிப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியை அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 2012இல் எழுதினார்: பிள்ளைகள் சொன்னதை வெர்தம் மாற்றியும் வெட்டியும் ஒட்டியும் தன் வாதத்துக்கு ஏற்றபடி வளைத்திருக்கிறார். எழுபது வருடத்துக்கும் முன் அங்கே கிளம்பிய புகையை நாம் இன்னும் இங்கே சுவாசித்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மில் சிலரை வாப்பாமார் கொமிக்ஸுக்காக அடித்தது நினைவிருக்கும். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தது, கூரை ஓட்டுக்குள் செருகியது, அடுப்புக்குள் போனது. அடி வாங்கியவர்கள் இன்று டொக்டர், இஞ்சினியர், அதிபர், மௌலவி. இதயக் குறி போட்டவர்கள் பட்டியலைப் பாருங்கள், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த அடி பிழை என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தெரிந்தும் அதே பிரம்பை எடுக்கிறார்கள். பிரம்பின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. முன்பு "படக்கதை", இப்போது "போன்".

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேசைப் படத்துக்குக் கீழே ஆண்கள்தான் எழுதியிருந்தார்கள். கொமிக்ஸ் வாசித்த ராத்தாமார் இல்லையா? நிறைய இருந்தார்கள். கடைக்குப் போக முடியாது, சலூன் கட்டு கிடைக்காது, திண்ணையில் உட்கார முடியாது. தம்பி கொண்டுவந்து தலையணைக்குக் கீழ் வைத்ததை, அவன் ஓதப் போன நேரத்தில் எடுத்து வாசித்துவிட்டு அதே மடிப்போடு வைத்தவர்கள். எங்கள் ஓய்வறையில் ஒரு ரீச்சர் சொன்னார், அவர் வாசித்த எந்தக் கதையையும் எவரோடும் பேசியதில்லையாம். மாண்ட்ரேக்கின் உதவியாளர் பெயர் லொதார் என்பதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது நாற்பத்தெட்டாவது வயதில், எங்களோடு தேநீர் குடிக்கும்போது. இவரையும் ஒரு ரசிகையாக யாராவது எண்ணினார்களா?

இன்று அந்தப் பூட்டு கொஞ்சம் திறந்திருக்கிறது. எங்கள் தரம் 10 மாணவி ஒருத்தி கமலா கானை வரைகிறாள். 2014இல் மார்வெல் தனித் தொடராக வெளியிட்ட பாகிஸ்தானிய-அமெரிக்க முஸ்லிம் சிறுமி. எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய பெண். அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்த பதிப்பாசிரியர் சனா அமானத்தும் முஸ்லிம் பெண்தான். 2015இல் அந்தத் தொகுதிக்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. அதில் வருகிற உம்மா வாப்பா "இரவில் எங்கே போனாய்" என்று ஏசுவதும், பள்ளிவாசலில் பெண்கள் பகுதியைப் பற்றி அவள் முறையிடுவதும் எங்கள் மாணவிக்கு எங்கோ அமெரிக்காவில் நடப்பதாகத் தோன்றவில்லை. எல்லாம் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைப் பற்றி அவளோடு விவாதிக்க ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் நல்லது. அவள் படத்தைக் கொண்டுவந்து காட்டியது எங்களிடம்தான். வீட்டில் காட்டப் பயம் என்றாள்.

மார்க்க விஷயத்துக்கு வருகிறோம். உயிருள்ளவற்றை வரைவது பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் யாரும் தகுதியானவர்கள் அல்ல. தன் வீட்டில் உருவப்படமே வேண்டாம் என்று உண்மையாகவே பேணுதலாக இருக்கிறவரை மதிக்கிறோம், அவருடைய பிள்ளையிடம் படம் வரையச் சொல்ல மாட்டோம். எங்கள் கேள்வி மற்றவர்களுக்கு. சித்திரப் பாடத்தில் ஏ எடுத்தால் படம் போட்டு வாழ்த்துகிறீர்கள். கலியாண வீட்டுக்கு ட்ரோன் கமரா கொண்டுவருகிறீர்கள். பிள்ளை பென்சிலால் ஒரு தொப்பிக்காரனை வரைந்ததும்தான் மார்க்கம் ஞாபகம் வருகிறதா?

ஹன்ழலாவைத் தெரியுமல்லவா? முதுகைக் காட்டிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற வெறுங்காற் சிறுவன். கஸ்ஸாவுக்காக எத்தனை பேர் அதை முகப்புப் படமாக வைத்தீர்கள். அது ஒரு கேலிச்சித்திரப் பாத்திரம். 1948இல் பத்து வயதளவில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட நாஜி அல்அலி என்ற பலஸ்தீனர் 1969இல் ஒரு குவைத் பத்திரிகையில் வரைந்தது. அவரை 1987இல் லண்டன் தெருவில் வைத்துச் சுட்டார்கள். கோடு கீறுகிறவனுக்கு ஏன் இவ்வளவு பயந்தார்கள்? ஜோ சாக்கோ என்ற அமெரிக்க ஊடகவியலாளர் 1990களில் பலஸ்தீனத்துக்குப் போய்க் கண்டதையும் கேட்டதையும் கொமிக்ஸாகவே வரைந்தார். பிறகு கான் யூனிஸிலும் ரஃபாவிலும் 1956இல் நடந்த படுகொலைகளைப் பற்றி, உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடிப் பேசி, 2009இல் இன்னொரு பெரிய புத்தகம். வேறு பலர் இரண்டு வரியில் கடந்துபோனதை அவர் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார். "படக்கதை சின்னப்பிள்ளை விளையாட்டு" என்கிறவர்கள் அதில் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு வந்து பேசட்டும்.

நாளைக்கு நம் ஊர்க் கதையை, கடல் வந்த காலையை, ஊரடங்கு இரவை வரையப் போவது யார்? சவாரித் தம்பரை வரைந்த 'சிரித்திரன்' சுந்தர் யாழ்ப்பாணத்துக்கு இருந்தார். அந்த இதழ்களை நூலகம் இணையத்தளத்தில் இன்றும் பார்க்கலாம். சிங்களத்தில் 1970களில் சித்திரக்கதைக்கென்றே பத்திரிகைகள் வந்து குவிந்தன. கமிலஸ் பெரேராவின் கஜமன் பத்திரிகையில் பிறந்து, அரை நூற்றாண்டு தாண்டி 2023இல் முப்பரிமாணத் திரைப்படமாகவே வந்தான். நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பதினொரு பக்கம் வரைந்த ஒருவன் இருந்தான்.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பதாகை பிடித்து ஊர்வலம் போவோம். "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று தரம் 5 பிள்ளை வெயிலில் நின்று கத்தும். அதிதிகளுக்குப் பொன்னாடை. நவம்பரில் நூலக அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது? யாரோ அன்பளிப்புச் செய்த சட்டப் புத்தகங்கள், கடந்தகால வினாத்தாள்கள், 1990களின் கலைக்களஞ்சியம். தரம் 6க்கு வந்தும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதை இங்கே வெளிப்படையாக எழுதுகிறோம். வீட்டில் போனும் இல்லாத, புத்தகமும் இல்லாத பிள்ளைகள். மங்காவும் அவர்களுக்கு இல்லை, மாயாவியும் இல்லை. ஒரு படம், ஒரு குமிழி, குமிழிக்குள் ஐந்து சொல் என்று கொடுத்தால் வாசிப்பார்கள். கொடுத்துப் பார்த்தோம். வாசித்தார்கள். எங்களிடம் இருந்த பன்னிரண்டு புத்தகங்களும் ஒரு தவணைக்குள் நூலாகப் போய்விட்டன.

பழைய மாணவர் சங்கத்துக்கு மரியாதையோடு சொல்கிறோம்: இன்னொரு பெயர்ப்பலகை வேண்டாம், இன்னொரு வளைவும் வேண்டாம். சேகரிப்பாளர் நானாமாருக்கும் சொல்கிறோம்: உங்கள் அபூர்வப் பிரதிகளை யாரும் கேட்கவில்லை. ஒரே இதழ் இரண்டு மூன்று வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றைத் தாருங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விஞ்ஞானக் கொப்பியில் வரைந்தால் ஏசுங்கள், அது சரி. ஏசிவிட்டு ஒரு வெற்றுக் கொப்பி வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் பாடசாலை நூலக அறையில் இரண்டு தட்டுகளைக் கொமிக்ஸுக்கென்று ஒதுக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். அலுமாரித் திறப்பு இனி எங்களில் ஒருவரிடம் இருக்கும். வரும் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை அங்கே இருப்போம். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், ஒரு கிழமை வைத்திருக்கலாம். மாணவிகளுக்குத் திங்கட்கிழமை இடைவேளையில் ரீச்சர் தனியாகத் திறந்து கொடுப்பார். முன்னட்டை இல்லாததும், கடைசிப் பக்கம் இல்லாததும் கொண்டுவரலாம், தைத்து எடுப்போம். மங்கா தருகிறவர்கள் முதலில் எங்களிடம் காட்டுங்கள், வயதுக்கு ஏற்றதா என்று வாசித்துப் பார்த்துத்தான் தட்டில் வைப்போம். முத்துவையும் லயனையும் ராணியையும் அப்படியே வாசித்துப் பார்த்துத்தான் வைப்போம்.